துப்பாக்கியோடு போய்விடாது

"அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவருக்காக உன் பெயரில் துப்பாக்கி வாங்கி மாட்டினாலும், அதைப் பறிமுதல் செய்து சின்ன அபராதத்தோடு விட்டுவிடுவார்கள்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

2022 ஜூனில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, இதற்கும் துப்பாக்கிக் கடத்தலுக்கும் 15 ஆண்டு வரை சிறை. தண்டனை உறுதியானால், அதில் சம்பாதித்த பணம், அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து, துப்பாக்கியை ஏற்றிச் சென்ற சொந்தக் கார் எல்லாம் அரசுக்குப் போகும். சரி, அபராதம்? வழக்கமான உச்சவரம்பு அல்லது அந்தக் குற்றத்தில் கிடைத்த மொத்த வருமானத்தின் இரு மடங்கு, எது அதிகமோ அதுவரை.

கடையில் நிரப்பும் 4473 படிவம் "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்று கேட்கிறது. பொய்யாக 'ஆம்' என்று குறிப்பதே தனிக் குற்றம். துப்பாக்கி யாருக்குப் போகிறதோ, அவர் வாங்கத் தகுதியுள்ளவராக இருந்தாலும் குற்றம்தான் என 2014-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.