செக்ஷன் மாற்ற நான் ஒத்துக்கொள்ளவில்லை

நேற்று பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி, என் மகனை வேறு செக்ஷனுக்கு மாற்றப் போகிறோம் என்றார்கள். காரணம், பக்கத்தில் உட்காரும் பையன். இவன் அவன் நோட்டைப் பார்த்தே எழுதுகிறானாம், பேச்சுக் கொடுத்து அவனையும் கெடுக்கிறானாம். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த நீளமான பதிவு.

இவனுக்குப் பத்து வயது. பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப் போனால், நீராவி எப்படி பிஸ்டனைத் தள்ளுகிறது, அந்த முன்பின் அசைவு எப்படிச் சக்கரம் சுற்றுவதாக மாறுகிறது என்று முன்பின் தெரியாத பெரியவர்களை நிறுத்தி வைத்து விளக்குவான். அதே பையனை ‘மணல்’ என்று மூன்று தடவை எழுதச் சொல்லுங்கள்: மனல், மணள், மலண். போர்டில் இருப்பதில் நாலு வரி எழுதுவதற்குள் மிஸ் அழித்துவிடுவார். டிஸ்லெக்சியா, அதாவது புத்தி இருந்தும் எழுத்துகளைப் படிப்பதும் எழுதுவதும் சிரமமாக இருக்கும் கற்றல் குறைபாடு. அது எங்களுக்குத் தெரியவே மூன்று வருஷம் ஆனது. காதில் விழுந்ததை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு எப்படியோ ஐம்பது, அறுபது மார்க் வாங்கிவிடுவான், ஃபெயில் ஆகாத பிள்ளையை யார் கவனிக்கிறார்கள்? “புத்திசாலிதான், கொஞ்சம் சோம்பேறி.” வருஷா வருஷம் ரிப்போர்ட் கார்டில் இதே வரி. இத்தனைக்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தொண்ணூறுகளிலிருந்தே இந்த ஊரில் இருக்கிறது.

சர்டிபிகேட் வாங்கியாயிற்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. நாளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும், சொல்லச் சொல்ல எழுத ஆள் கிடைக்கும். சரி. மதியம் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார ஆளை எந்தச் சட்டம் கொடுக்கும்?

அந்தப் பையன் சாப்பிட்டுக்கொண்டே அறிவியல் பாடத்தைச் சத்தமாகப் படிப்பானாம், இவன் கேட்டுக்கொள்வான். பதிலுக்கு இவன் டிபன் பாக்ஸ் சப்பாத்தியைக் கிழித்துக் கிழித்து அவனுக்குப் பின்னக் கணக்கு சொல்லித் தருவான். (சப்பாத்தி ஏன் எப்போதும் தூள் தூளாக வருகிறது என்று நான் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன்.) இதற்குத்தான் பள்ளியில் காப்பி அடிப்பது என்று பெயர்.

“ஃபர்ஸ்ட் ரேங்க் பையனோட சேரச் சொல்லு” என்கிறார் எங்கள் அண்ணி. சாயங்காலம் தெருவில் எட்டாவது படிக்கும் பையனோடு செஸ் ஆடினால், வயசுக்கு ஏத்த பசங்க கிடைக்கலையா என்கிறார்கள். அங்கே யாரும் இவனை எழுதச் சொல்வதில்லை, அதனால் போகிறான், அவ்வளவுதான்.

ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள் என்றும் சொன்னார்கள். ஒன்றைப் போய்ப் பார்த்தேன், நல்ல டீச்சர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இவனுக்குப் பாடத்தை எளிதாக்கித் தருவார்கள். இவனுக்கு வேண்டியது கஷ்டமான பாடம்தான், அதை எழுதாமல் வாயால் சொல்ல ஒரு வழி இருந்தால் போதும்.

திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பையனின் அம்மாவுக்கு போன் போட்டேன். “பின்னம் புரிஞ்சதே உங்க பையனாலதாங்க, நானும் வரேன்” என்றார்.