பழைய ஏசியைத் திரும்ப வாங்காமல் மானியம் தரக்கூடாது

கரண்ட் குறைவாக இழுக்கும் ஏசிக்கு மாறுகிறவர்களுக்குப் பணம் கொடுப்பது நல்ல திட்டம்தான். ஆனால் பல திட்டங்கள் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் தருகின்றன. பழைய மெஷின் எங்கே போனது, புதியதை எப்படி மாட்டினார்கள் என்று கேட்பதே இல்லை. மிச்சமாகுமா ஆகாதா என்பது இந்த இரண்டில்தான் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு டன் என்பது 3,517 வாட் வெப்பம். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் சுமார் 5,275 வாட்டை அறையிலிருந்து வெளியேற்றும். ஒரு வாட் கரண்டுக்கு 2.7 வாட் வெப்பத்தைத் தள்ளும் பழைய மெஷின் இதற்கு மணிக்கு 1.95 யூனிட் இழுக்கும். பருவச் சராசரியில் ஒரு வாட்டுக்கு 5 வாட் தள்ளும் இன்வெர்ட்டர் ஏசிக்கு அதே வேலைக்கு 1.05 யூனிட் போதும். ஆக, வருடத்துக்கு 1,000 மணி நேர முழு ஓட்டம் இருந்தால் மிச்சம் 900 யூனிட். 300 மணி நேரமே ஓடும் வீட்டில் வெறும் 270. இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகையைத் தருவது சரியில்லை. பில்லில் கோடை மாத யூனிட் எவ்வளவு ஏறுகிறது என்பது மின்வாரியத்திடமே இருக்கிறது, அதைப் பார்த்துக் கொடுக்கலாம்.

பழையதை ஓரங்கட்டாமல் இன்னொரு அறையில் மாட்டிவிட்டால்? அது வருடத்துக்கு 460 மணி நேரம் ஓடினாலே அந்த 900 யூனிட்டும் தீர்ந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், பழையதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் மானியத்தை விடுவிக்க வேண்டும்.

வாங்கி உடைத்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. மெக்சிகோவில் 2009 முதல் 2012 வரை பழைய ஃபிரிட்ஜ், ஏசிகளை மாற்றிக்கொள்ள அரசு பணம் தந்தது. பழையவற்றை வாங்கி அழிக்கவும் செய்தது. பில்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கண்டது: ஃபிரிட்ஜ் மாற்றிய வீடுகளில் கரண்ட் செலவு குறைந்தது, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஏசி மாற்றிய வீடுகளில் செலவு கூடிவிட்டது. ஓட்டும் செலவு குறைந்ததும் மக்கள் அதிக நேரம் ஓட்டினார்கள். இதை வீண் என்று சொல்ல மாட்டேன். புழுக்கத்தில் தூங்க முடியாத ஒருவர் நிம்மதியாகத் தூங்குவதும் பலன்தான். ஆனால் அதைக் கரண்ட் மிச்சம் என்று கணக்கெழுதக் கூடாது. அறைக்குத் தேவையான டன்னுக்கு மேல் வாங்கினால் மானியம் இல்லை என்ற விதியும் வேண்டும். தேவைக்கு மேல் பெரிய மெஷின் அறையைச் சீக்கிரமே குளிரவைத்து நின்று நின்று ஓடும், ஈரப்பதத்தைச் சரியாக இழுக்காது. அறை சில்லென்று இருந்தும் பிசுபிசுக்கும், உடனே இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார்கள்.

மாட்டும் விதத்துக்கு வருகிறேன். செம்புக் குழாய்களை இணைத்த பிறகு வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்க வேண்டும் (மைக்ரான் என்பது வெற்றிடத்தை அளக்கும் அலகு). பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, ஏறிக்கொண்டே போனால் லீக். அவசரத்தில் சிலர் பம்பே போடாமல், அவுட்டோர் வால்வைக் கொஞ்சம் திறந்து கேஸாலேயே காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். தங்கிவிட்ட ஈரம் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி மோட்டார் வைண்டிங்கை அரிக்கும். தங்கிய காற்று பிரஷரை ஏற்றிக் கரண்டைக் கூட்டும். ஐந்து ஸ்டார் லேபிள் அப்படியேதான் இருக்கும். மைக்ரான் கேஜ் போட்டோ இல்லாத விண்ணப்பத்துக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி சேர்த்தால் இந்தக் குறுக்குவழி நின்றுவிடும்.

பணம் தரும் வழியும் முக்கியம். அமெரிக்காவில் ஹீட் பம்புக்கு (குளிரவும் சூடாக்கவும் செய்யும் ஏசி) 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர் வரை வரிச்சலுகை இருந்தது. 2025 டிசம்பர் 31 உடன் முடிந்தது. கட்ட வேண்டிய வரியிலிருந்து மட்டும் கழியும், மீதியைத் திருப்பித் தர மாட்டார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத வீட்டுக்கு அதில் ஒன்றும் இல்லை, பழைய மெஷின் அதிகம் இருப்பதோ அங்கேதான். கடையிலேயே விலையில் கழிப்பதும், மீதியைக் கரண்ட் பில்லோடு வட்டியில்லாத் தவணையாக வாங்குவதும்தான் அவர்களை எட்டும்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: சில திட்டங்களில் முன் அனுமதி வாங்கிய பிறகுதான் பில் போட வேண்டும், தேதி முந்தினால் நிராகரிப்பு. இன்டோர், அவுட்டோர் இரண்டின் மாடல் எண்ணும் ஜோடியாகத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். பழையது ஓடும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றும்போது கேஸை வெளியே விடச் சொல்லாதீர்கள். திரவ வால்வை (மெல்லிய குழாயில் இருப்பது) மூடி மெஷினை ஓட்டினால் கேஸ் முழுவதும் அவுட்டோருக்குள் போய்விடும், பிறகு மற்ற வால்வையும் மூடி, மெஷினை நிறுத்திவிட்டுக் கழற்றலாம். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். புதிய அவுட்டோரின் சீரியல் எண் தகட்டை பிராக்கெட்டில் ஏற்றும் முன்பே போட்டோ எடுங்கள், ஏற்றிய பிறகு அது எட்டாத பக்கம் போய்விடலாம்.