தகர டப்பாவை ஏன் சுட்டீர்கள் என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

மொட்டை மாடியில் ஒரு தாத்தாவும் பேரனும் ஏர் ரைபிளால், அதாவது காற்றழுத்தத் துப்பாக்கியால், தகர டப்பாவைச் சுட, குண்டு திரும்பி வந்து பையன் கன்னத்தில் பட்டதே, அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். நேற்றிரவு வரை நம்ம பெங்களூரு தமிழ் ஆட்கள் அதன் கீழே எழுதியதைப் படித்த பிறகு முடியவில்லை. தாத்தாவுக்குக் கிறுக்கு என்கிறார் ஒருவர். பெற்றவளுக்குப் பொறுப்பு வேண்டாமா என்கிறார் இன்னொருவர். அத்தனை பேர் பேசினீர்கள். பையன் கன்னத்தில் பட்ட குண்டு ஏன் திரும்பி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கைப்பிடிச் சுவர் மேல் தகர டப்பாவை அடுக்கி, நாலு எட்டு தள்ளி நின்று சுட்டார்கள். அதனால் திரும்பி வந்தது. எஃகுக் குண்டு கெட்டியான எதில் பட்டாலும் திரும்பும். டப்பா, செங்கல், பிளைவுட், தண்ணீர்த் தொட்டி, எதுவானாலும். சாய்வாகப் பட்டால் தண்ணீரிலிருந்துகூடத் துள்ளும்.

ஏர் ரைபிள் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். போட்டிகளில் பத்து மீட்டரில் சுடுகிறார்களே, அது ஈயக் குண்டு. இரும்புத் தகட்டில் பட்டால் நசுங்கிக் கீழே விழும். வீடியோவில் இருப்பது கௌபாய் லீவர் துப்பாக்கி, ட்ரிகரைச் சுற்றியிருக்கும் லீவர் என்கிற பிடியை இழுத்து ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். இதில் போடுவது பி.பி. என்கிற எஃகு உருண்டை, பார்க்க அச்சு அசல் சின்ன பால்ரஸ். அது நசுங்காது, துள்ளும். ஈயக் குண்டுக்குச் செய்த இரும்புப் பெட்டியில் இதைச் சுட்டால் நேராக உங்கள் முகத்துக்கே வரும். ஒருத்தர் அந்தப் பெட்டியைத்தான் சிபாரிசு செய்திருக்கிறார், அதற்கு நாற்பது லைக்!

இந்த வகையில் பேர் பெற்றது அமெரிக்காவின் டெய்சி கம்பெனி செய்யும் ரெட் ரைடர். ரெட் ரைடர் என்பது ஒரு சித்திரக்கதைக் கௌபாயின் பெயர். எடை ஒரு கிலோதான். ஆனால் குண்டு நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் போகும். தோலைக் கன்றவைக்கும் அந்த வேகம் கண்ணில் பட்டால் கண்ணே போகும். அதனால் முதலில் கண்ணாடி. சுடுகிற பிள்ளைக்கு, பக்கத்தில் நிற்கிற தாத்தாவுக்கு, வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, எல்லாருக்கும். தாத்தா போட்டிருக்கிற படிக்கிற கண்ணாடி கணக்கில் வராது. பக்கவாட்டில் திறந்து கிடக்கும், உடைந்தால் சில்லு உள்ளே போகும். ஃபிரேமில் 'இசட் 87' (Z87) என்கிற அமெரிக்கப் பாதுகாப்புத் தர முத்திரை பொறித்த பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும்.

அடுத்தது குண்டு போய் நிற்கிற இடம். முக்கால் அடி ஆழத்துக்குக் குறையாத அட்டைப்பெட்டி, உள்ளே பழைய பேப்பரை இடைவெளி இல்லாமல் திணியுங்கள். பெட்டிக்குப் பின்னால் ஒரு பழைய ஜமுக்காளத்தைத் தொங்க விடுங்கள். இழுத்துக் கட்டக் கூடாது, தொங்கினால்தான் வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஒரே இடத்தில் சுட்டுச் சுட்டு நடுவில் குழி விழும், அப்போது பேப்பரை மாற்றுங்கள். பெட்டிக்குள் கிடக்கிற குண்டைப் பொறுக்கித் திரும்பப் போடாதீர்கள். கீறல் விழுந்த, அழுக்கு ஒட்டிய குண்டு குழலில் சிக்கும். தூரம் ஐந்து மீட்டர் போதும், அமெரிக்காவில் சிறுவர்களுக்கான பி.பி. போட்டியே அந்தத் தூரத்தில்தான்.

லீவர். பத்து வயசுப் பிள்ளை அதை இழுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்பிரிங் விடாது. பிள்ளை துப்பாக்கிக் கட்டையைத் தொடையில் முட்டுக் கொடுக்கும், பல்லைக் கடிக்கும், அந்த இழுப்பில் குழல் சுற்றி வந்து சொந்தக் காலையோ உங்கள் வயிற்றையோ பார்க்கும். பாதி இழுத்த நிலையில் விரல் ட்ரிகரில் பட்டால் லீவர் அடித்து மூடும், விரல் நசுங்கும். அதனால் லீவர் தாத்தா வேலை. முழுக்க இழுத்து, 'க்ளிக்' கேட்டு, மூடி, சேஃப்டி போட்ட பிறகுதான் பேரன் கையில் தர வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு குண்டு. 'புஸ்' என்று காற்று மட்டும் வந்தால் காலி என்று நம்பாதீர்கள். இதில் 650 குண்டு கொள்ளும், அவை தம் எடையில்தான் உருண்டு வர வேண்டும். ஒன்று எங்காவது தங்கி நின்று அடுத்த தடவை வரும்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: துப்பாக்கி தாத்தாவுடையது. பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு இல்லை. பூட்டு தாத்தா பீரோவில், சாவி தாத்தா இடுப்பில். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் அது வெளியே வரும்.

"குழந்தை கையில் துப்பாக்கி கொடுத்தால் வன்முறை வளரும்" என்று எழுதியவருக்கு: கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளோடு இரண்டு ஒலிம்பிக்ஸ் போனவர். அவர் கையில் எதைக் கண்டீர்கள், வன்முறையையா, மூச்சை அடக்குகிற பொறுமையையா? "இது வெறும் பொம்மை" என்றவருக்கு என்னிடம் பதில் இல்லை, மேலே எழுதியதை மறுபடி படியுங்கள். "நாங்க கவட்டையால குருவி அடிச்சு வளர்ந்தவங்க" என்று பெருமைப்பட்டவர்களுக்கு: 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. கிளியைக் குறிவைத்தால் ஏர்கன்னாக இருந்தாலும் குற்றம்தான். லைசென்ஸ் கேள்விக்கும் இதோ: குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள், குண்டின் சக்தி 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதற்காக அடுக்குமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிச் சுடலாம் என்று அர்த்தமில்லை. இந்தச் சின்ன உருண்டை தெருவைத் தாண்டிப் போகும்.

மொட்டை மாடி தப்பு. டப்பா தப்பு. கண்ணாடி போடாதது பெரிய தப்பு. மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேரனோடு உட்கார நினைத்தது தப்பில்லை. அவருக்குக் கண் மங்கியிருக்கும், குறிபார்க்கத் துப்பாக்கி முனையில் இருக்கிற முள் தெரிந்தால் கண் பக்கம் இருக்கிற பள்ளம் தெரியாது. பையனுக்கு இரண்டும் தெரியும், லீவர்தான் இழுக்க வராது. ஒருத்தருக்கு இல்லாதது இன்னொருத்தரிடம் இருக்கிறது. இப்போது அந்தப் பையனைத் தாத்தா வீட்டுக்கே அனுப்புவதில்லையாம். வலிக்கிறது. வாட்ஸப்பில் எழுபது வயசு மனிதரைக் கிறுக்கன் என்று எழுதிய கைகள், ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கலாம்.

ஐயா, நீங்கள் இதைப் படித்தால் சொல்லி அனுப்புங்கள். பழைய பேப்பர் என்னிடம் இரண்டு கட்டு இருக்கிறது. கண்ணாடி மட்டும் மூன்றாக வாங்குங்கள், பையனின் அம்மாவுக்கும் சேர்த்து.