வியாழன் படத்தில் தெரியும் கட்டம்: கேமராவை மாற்றுவதற்கு முன்

தஞ்சாவூர் மொட்டைமாடியிலிருந்து தம்பி எடுத்த வியாழன் படத்தில் மெல்லிய கட்டங்கள் தெரிகின்றன. சென்சார் பழுது, வேறு கேமரா வாங்க வேண்டும் என்று இங்கே சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

மன்னிக்கவும், அவசரப்பட வேண்டாம். வீடியோவின் ஃப்ரேம்களை (தனித்தனிப் படங்களை) அடுக்கி ஒரே படமாக்கும், அதாவது ஸ்டாக் செய்யும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில், படத்தைப் பெரிதாக்கும் டிரிஸில் வசதியை 1.5 மடங்கு போட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறார். இந்தக் கட்டம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. டிரிஸில் ஒவ்வொரு ஃப்ரேமின் பிக்சலையும் சுருக்கி, அதைவிட நெருக்கமான கட்டத்தில் சொட்டுச் சொட்டாக விடுகிறது. ஃப்ரேம்கள் குறைவாக இருந்தாலோ, கிரகம் சென்சாரில் அசையாமல் ஒரே இடத்தில் நின்றாலோ சொட்டுகள் சமமாக விழாது. நாற்றங்காலில் விதை திட்டுத்திட்டாக விழுந்த மாதிரிதான். ஸ்டாக் செய்த படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. படத்தைக் கூர்மையாக்கும் வேவ்லெட்டை இழுத்ததும் வலை போல எழும்பி நிற்கும். கலர் கேமரா என்றால் சென்சார் மேலுள்ள 2×2 பேயர் வண்ண வடிகட்டி அமைப்பும் சேர்ந்துகொள்ளும்.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அதே வீடியோவை டிரிஸில் இல்லாமல், இன்னும் அதிக ஃப்ரேம்கள் சேர்த்து மறுபடி ஸ்டாக் செய்யுங்கள். கூர்மையாக்கும் அளவு மட்டும் முன்பு இருந்தபடியே இருக்கட்டும், அது முக்கியம். அப்புறம் இரண்டு படங்களையும் 400 சதவீதம் பெரிதாக்கி, வியாழனின் பட்டைகளுக்கு நடுவே பாருங்கள். கட்டம் மறைந்திருந்தால் கேமராவில் குறை இல்லை. காசு சேர்த்து வாங்கிய பொருள், இதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் தம்பி.

அடுத்த முறை எடுக்கும்போது கிரகத்தைச் சென்சாரில் மெதுவாக நகரவிடுங்கள்.