பிளாட்பாரக் கல்லும் என் அலாய் வீலும்

நேற்று மறுபடியும் அந்தச் சத்தம். "கர்ர்ர்" என்று. அண்ணா நகரில் ஓரமாக நிறுத்தப் போனேன், இடது முன்சக்கரம் பிளாட்பாரக் கல்லில் உரசிவிட்டது. டைமண்ட் கட் அலாய் வேறு, அதாவது முகப்பைக் கடைந்து பளபளப்பாக்கிய அலுமினியச் சக்கரம். லேத்தில் கடைந்துதான் சரி செய்ய வேண்டும், கடையும் ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும். வயிறு எரிகிறது.

எனக்குக் கோபமெல்லாம் டயர் மேல்தான். இதே காரின் கீழ் வேரியன்ட்டில் டயர் அளவு 185/65 ஆர்15: அகலம் 185 மி.மீ., ரிம்முக்கு வெளியே நிற்கும் ரப்பர், அதாவது பக்கச்சுவர், அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். பக்கச்சுவர் 120 மி.மீ. கூடுதல் காசு கொடுத்து நான் வாங்கியதில் 195/55 ஆர்16. பக்கச்சுவர் 107 மி.மீ.தான். சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ரப்பர் குறைந்த இடத்தில் அலுமினியம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அழகாக இருக்கிறது, சரி. நம் தெருவுக்கு இது ஆகுமா?

சில டயர்களில் ரிம்மை ஒட்டி ஒரு ரப்பர் வரம்பு புடைத்து நிற்கும். கல் முதலில் அதில்தான் படும். சின்ன உரசலை அது தாங்கிவிடும். சில கம்பெனிகள் அதைக் காட்ட எஃப்ஆர், எம்எஃப்எஸ் என்று டயரிலேயே குறிப்பார்கள். போன வருடம் டயர் மாற்றும்போது கடையில் கேட்டேன். "எல்லா டயரும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லி, வரம்பே இல்லாத ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டார்கள். நாலு டயர் விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? அடுத்த முறை பக்கச்சுவரைத் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டேன்.