என் தோளைக் கேட்காமல் துவக்கை நீட்டாதீர்கள்

இன்று காலையில் தலை சீவ வலது கையைத் தூக்கினேன், பாதி வழியில் நின்றுவிட்டது. மனைவி சேட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். காறை எலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிக் கறுத்துப்போய்க் கிடக்கிறது. இதற்கு நான் ஒன்றும் பெரிய வேட்டை ஆடவில்லை. நேற்றிரவு திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்து வயலில் காவலுக்குப் படுத்தேன், பன்றி இறங்கிய சத்தம் கேட்டது, மூன்று வெடி வைத்தேன். முப்பது இல்லை ஐயா, மூன்றே மூன்று.

எனக்கு வயது 66. பதினெட்டு வயதில் அப்பாவின் இரட்டைக் குழலைத் தோளில் வைத்துப் பழகியவன். அந்தத் துவக்கு யுத்த காலத்தில் கைவிட்டுப் போனது, அதற்குப் பிறகு நெடுங்காலம் எங்கள் பக்கத்தில் துவக்கு என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாது. பிறகு வயல்காவலுக்கென்று முறைப்படி உரிமம் எடுத்து பன்னிரண்டு போர் (12 bore) என்கிற குழல் அளவுள்ள துவக்கு ஒன்று வாங்கினேன். ஏழு இறாத்தல், அதாவது 3.2 கிலோ இருக்கும். அதை வைத்துக்கொண்டு இத்தனை போகம் பார்த்தேன், ஒருநாளும் தோள் இப்படிக் கறுத்ததில்லை. அந்த நல்ல துவக்கை விற்றுவிட்டு இந்தச் சனியனை வாங்கியதற்குக் காரணம் ஒரே ஒரு பேச்சு. "வயசு போன ஆக்களுக்கு லேசான துவக்குத்தான் நல்லம்."

யார் சொல்லவில்லை? துவக்கு விற்ற மனிதர் சொன்னார். "தூக்கிப் பாருங்கோ ஐயா, பஞ்சு மாதிரி" என்று கையில் தந்தார். பக்கத்தில் நின்ற மருமகன், "ஓம் மாமா, பழசைச் சுமந்துகொண்டு வரம்பில நடக்கிறது உங்களுக்குக் கஷ்டம், இதையே எடுங்கோ" என்றான். அவன் என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துவக்கு விற்கிறவருக்குத் துவக்கைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாமா? தூக்கிப் பார்க்கும்போது பஞ்சுதான். விசையை இழுத்த பிறகு?

இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஒரு தோட்டா வெடித்தால் அதற்குள் இருக்கிற சன்னம், அதாவது குண்டு, முன்னுக்குப் போகிற அளவுக்குத் துவக்கு பின்னுக்கு வந்தே தீரும். அதைத் தாங்குவது முதலில் துவக்கின் பாரம், மிச்சத்தைத் தாங்குவது நம்முடைய தோள். அதே தோட்டாவை 3.2 கிலோ துவக்கில் போட்டால் ஒரு உதை, 2.4 கிலோ துவக்கில் போட்டால் அந்த உதையின் சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கூடுகிறது, குறையவில்லை! பத்தாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போட்டுச் சொல்லும். வயது போன, சதை வற்றிய, எலும்பு தெரிகிற தோளுக்கு இளந்தாரியின் துவக்கை விடக் கூடுதலாக இடிக்கிற துவக்கைக் கொடுத்துவிட்டு, உங்கள் வயதுக்காகத்தான் தந்தேன் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

லேசான துவக்கு நடப்பதற்கு நல்லது, அதை மறுக்கவில்லை. நாள் முழுக்கக் காட்டுக்குள் நடந்து திரிகிறவனுக்கு அது சரி. நான் எங்கே நடக்கிறேன்? வீட்டிலிருந்து வயல் வரைக்கும் மோட்டார் சைக்கிள். வரம்பில் இருநூறு அடி. அதற்குப் பிறகு விடியும் வரை காவல் கொட்டில்.

இன்னும் கேளுங்கள். அந்தக் கடையில் ஒருவராவது என் கையை, கழுத்தை, தோளை அளந்து பார்த்தாரா? ஒரு சேட்டுத் தைக்கக் கொடுத்தால் தையல்காரர் நாடாவை எடுத்துத் தோள், கை, கழுத்து எல்லாம் அளக்கிறார். வாசலுக்குக் கதவு போட ஆசாரி மூன்று தரம் வந்து அளக்கிறார். கன்னத்தோடு ஒட்டி வைத்து வெடிக்க வேண்டிய ஒரு சாமானுக்கு அளவு இல்லை, எல்லோருக்கும் ஒன்றுதான், பிடித்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

பிடங்கு என்பது துவக்கைத் தோளில் வைக்கிற பின்பகுதி. விசையிலிருந்து பிடங்கின் அடி வரை உள்ள நீளம் பொதுவாகப் பதினாலரை அங்குலம் அளவில் வரும். இது ஆளுக்கு ஆள் மாற வேண்டியது. வயது போகப் போக ஆள் குறுகுகிறோம், கழுத்து முன்னைப் போல் வளையாது, தோள் இறுகுகிறது. எனக்குச் சீனி வருத்தம் வேறு, சீனி உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிப்போவது அதிகம் என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னார். அப்படிப்பட்டவனுக்கு நீளம் கூடிய பிடங்கைக் கொடுத்தால் தூக்கும்போது கக்கத்துச் சேட்டில் மாட்டிக்கொள்ளும், அவசரத்தில் தோள் குழியில் உட்காராமல் புயத்தில் உட்காரும், அங்கே வைத்து வெடித்தால் அவ்வளவுதான். நீளம் மிகக் குறைந்தால் பெருவிரல் மூக்கில் வந்து இடிக்கும். கன்னம் படுகிற இடம் தாழ்ந்திருந்தால் குறிபார்க்கத் தலையைத் தூக்க வேண்டும், தூக்கினால் உதை வரும்போது பிடங்கு மேலெழும்பி வந்து கன்னத்தில் அறையும். பிடங்கின் அடி ஒடுங்கியிருந்தால் முழு உதையும் இரண்டு விரல் அகலத்தில் இறங்கும், அகலமாக இருந்தால் பரவும். என்னுடையதில் அடி ஒடுக்கம், அதன் மேல் கல்லுப் போன்ற பிளாஸ்டிக் தகடு. இதையெல்லாம் நான் வாங்கின பிறகு, அடிபட்டு, கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டேன். வாங்குவதற்கு முன்னால் ஒருவர் சொல்லியிருந்தால் என்ன?

உடுப்பைப் பற்றியும் ஒரு சொல். குளிர் நாட்டில் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு சுடுகிறார்கள், அந்தக் கோட்டே ஒரு தலையணை மாதிரி. நாங்கள் சாரமும் மெல்லிய சேட்டும், மிஞ்சிப் போனால் தோளில் ஒரு துவாய். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெற்று மேல்தான். பிளாஸ்டிக் தகட்டுக்கும் என் எலும்புக்கும் நடுவே என்ன இருக்கிறது?

சரி, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். சேட்டு மாதிரியா இது? துவக்கின் இலக்கம் உரிமத்தில் ஏறியாகிவிட்டது. மாற்றுவதென்றால் மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கையெழுத்து, மறுபடியும் அலைச்சல். துவக்குக்குக் கட்டுப்பாடு வேண்டும், இந்த மண்ணில் நாங்கள் பட்டதற்கு அது வேண்டும்தான், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இலேசில் மாற்ற முடியாத ஒரு சாமானை விற்கும்போது எவ்வளவு கவனமாக விற்க வேண்டும்! ஒரு வெடி வைத்துப் பார்க்கக்கூட வழியில்லாமல், கண்ணாடிப் பெட்டிக்கு மேலால் நீட்டி, வெறும் துவக்கைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லி, காசை எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள்.

தோள் கன்றினால் ஆறும். எனக்கு உண்மையில் பயமாக இருப்பது சுத்தியல், அதாவது விசையை இழுத்ததும் விழுந்து தோட்டாவை வெடிக்க வைக்கிற பாகம். பழைய துவக்கில் சுத்தியல் உள்ளே, துவக்கைத் திறந்து மூடினால் தானாக ஏறிவிடும், பூட்டை விலக்கினால் போதும். இதில் சுத்தியல் வெளியே, பெருவிரலால் பின்னுக்கு இழுத்து ஏற்ற வேண்டும். வில்லு நல்ல இறுக்கம். என் பெருவிரல் மூட்டு வீங்கி இரண்டு வருஷம். சரி ஏற்றியாகிவிட்டது, பன்றி வரவில்லை, இறக்க வேண்டும் என்று வையுங்கள். தோட்டா உள்ளே இருக்க, விசையை இழுத்தபடி அந்தச் சுத்தியலைப் பெருவிரலால் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இருட்டில், மழையில் நனைந்த கையால். ஒரு நூல் வழுக்கினால் வெடிக்கும். இப்போது நான் அதைச் செய்வதே இல்லை. முதலில் துவக்கைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுத்தான் மற்றது. உங்கள் வீட்டிலும் கை மூட்டு வீங்கின அப்புவிடமோ மாமாவிடமோ இப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே போய் இதைச் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். திறக்கிற நெம்பை அவரால் தள்ள முடிகிறதா, சுத்தியலை ஏற்ற முடிகிறதா என்று பாருங்கள். பாரம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

என் மச்சான் ஒருவர் இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில் இருக்கிறார். திருமலையில் பிறந்து வளர்ந்தவர், எழுபது வயது. அங்கே காட்டுப்புறாக் கூட்டம் பட்டாணிக்கும் ரேப் என்கிற எண்ணெய் வித்துப் பயிருக்கும் இறங்கி மேய்ந்துவிடும், கமக்காரர்கள் புறாச் சுடத் தெரிந்தவர்களைக் கூப்பிடுவார்கள். நல்ல நாளில் நூறு தோட்டா வரை போகுமாம். நூறு! நான் மூன்றுக்கே கையைத் தூக்க முடியாமல் இருக்கிறேன், என்னை விட நாலு வயது மூத்த மனுஷன் நூறு வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தோட்ட வேலை செய்கிறார். எப்படி அண்ணை என்று வட்ஸ்அப்பில் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

அங்கே துவக்கை ஆளுக்கு அளந்து கொடுக்கவென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். பிடங்கை நீட்டி, குறுக்கி, உயர்த்தி, பக்கவாட்டில் வளைத்துப் பார்க்கக்கூடிய ஒரு அளவுத் துவக்கைக் கையில் தந்து, தூக்க வைத்து, கண் எங்கே வருகிறது என்று முன்னால் நின்று பார்த்து அளவு எழுதுகிறார்கள். அவருடைய பிடங்கில் அரை அங்குலம் குறைத்து, அடியில் மெத்தென்ற இறப்பர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குறிபார்க்கும்போது எந்தக் கண் முந்துகிறது என்பதும் வயதோடு சிலருக்கு மாறிவிடுமாம், அதையும் பார்த்திருக்கிறார்கள். துவக்கு வெடிவாயுவில் இயங்கித் தானாகத் தோட்டா ஏற்றுகிற வகை. வாயுவின் ஒரு பங்கு பொறியைத் தள்ளப் போவதால் உதை ஒரே அடியாக வராமல் இழுத்துப் பரவி, அடி என்பது தள்ளு மாதிரி ஆகிறது. பாரமும் மூன்று கிலோவுக்கு மேல். ஆனால் முழு இரகசியமும் துவக்கில் இல்லை, பாதி தோட்டாவில் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் களிமண் புறா என்கிற தட்டை எறிந்து சுட்டுப் பழகுகிறாராம், அதற்கு 24 கிராம் சன்னம். ஒலிம்பிக்கில் தட்டுச் சுடுகிறவர்களுக்கே 24 கிராமுக்கு மேல் அனுமதி இல்லை. 28 கிராமிலிருந்து 24 கிராமுக்கு இறங்கினாலே உதை கிட்டத்தட்டக் கால்வாசி குறைந்துவிடும்.

புறா என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே நான் புறாவையும் சுடுவதில்லை, கிளியையும் சுடுவதில்லை. நிலாவெளிக்கு முன்னால் இருக்கிற புறாத்தீவு வெள்ளைக்காரர் காலத்தில் சுட்டுப் பழகும் இடமாக இருந்தது, 2003 இல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள், அந்த மாடப்புறாக்கள் நிம்மதியாக இருக்கட்டும். என் வயலில் பால் பிடித்த கதிரில் கிளி இறங்கினால் மேலே பார்த்து ஒரு வெடி, கூட்டம் எழும்பிப் போய்விடும். அதற்குச் சின்னச் சன்னம் போட்ட லேசான தோட்டா போதும். நான் தோட்டா வாங்கப் போகும் நேரமெல்லாம் கிடைப்பதோ பெரிய குண்டுகள் போட்ட எஸ்.ஜி. தோட்டா. பன்றிக்கு எஸ்.ஜி. சரி. கிளி கலைக்க எதற்கு? மேலே போன அந்தப் பெரிய குண்டு யார் முற்றத்தில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? லேசான தோட்டா இருக்கிறதா என்று கேட்டால், "வந்தாச் சொல்லுறம் ஐயா." மூன்று வருஷமாக வருகிறது.

ஆக லேசாக இருக்க வேண்டியது தோட்டா. இவர்கள் தோட்டாவைப் பாரமாக வைத்துக்கொண்டு துவக்கை லேசாக்கி என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இறப்பர் அடி ஒன்றாவது போடலாம் என்று டவுன் முழுக்க அலைந்தேன். ஒரு அங்குல மொத்தத்தில் ஒரு இறப்பர் துண்டு, அதுதான் வேண்டும். செருப்பின் அடியை வெட்டி ஒட்டுங்கோ என்று ஒருவர் சொன்னார். எங்கள் பக்கத்தில் பலபேர் அப்படித்தான் ஒட்டியிருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன், கொஞ்ச நாளில் கல்லாகிவிடும். அதோடு ஒரு அங்குலத்தை வெறுமனே ஒட்டினால் பிடங்கு ஒரு அங்குலம் நீண்டுவிடும், அந்த அளவுக்கு மரத்தை அரிந்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். தெரிந்த ஆசாரி ஒருவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் துவக்கைத் தொடவே இல்லை. முதலில் என்னை நிற்க வைத்து, தூக்கச் சொல்லி, பக்கத்தில் வந்து பார்த்து, "உங்கட கழுத்து முன்னுக்கு வருகுது ஐயா, இது உங்களுக்கு நீளம்" என்றார். துவக்கே வைத்திராத மனிதர். பார்த்த பார்வையில் கண்டுபிடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சத்தியமாக.

போன கிழமை என் பழைய துவக்கை முறைப்படி எழுதி வாங்கின கந்தளாய்த் தம்பி போன் எடுத்தான். முப்பத்தைந்து வயது, ஆள் பனை மாதிரி. "ஐயா, நல்ல துவக்கு, இடியே தெரியேல்லை" என்றான். அவனிடம் திருப்பித் தா என்று கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? நல்லாப் பாவியுங்கோ தம்பி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஆசாரி மரத்தை அரிந்து தரச் சம்மதித்திருக்கிறார், இறப்பர்தான் இன்னும் கிடைக்கவில்லை. அறுவடைக்கு ஐந்து கிழமை இருக்கிறது. பன்றி நேற்று வந்த பக்கத்தால் இன்றைக்கும் வரும். துவாயை நாலாக மடித்து இடது தோளில் வைத்துப் பழகிப் பார்க்கப் போகிறேன்.