ஏறக்குறைய 50 ரூபாய்

பொண்ணு: அண்ணாச்சி, பில் 48.50. நான் கொடுத்தது 50. மீதி?

அண்ணாச்சி: அதுதான் மிட்டாய் கொடுத்தேனே பாப்பா.

பொண்ணு: மிட்டாய் 1 ரூபாய். எனக்கு வரவேண்டியது ஒன்றரை.

அண்ணாச்சி: எட்டணாவை இப்போது யார் வாங்குகிறார்கள்? அது செல்லாக்காசு.

பொண்ணு: 2011-ல் நிறுத்தியது 25 பைசாவை. 50 பைசா இன்னமும் செல்லும்.

அண்ணாச்சி: சரி, ஏறக்குறைய 50 ரூபாய் என்று வைத்துக்கொள். கையில் என்ன புத்தகம், பரீட்சையா?

பொண்ணு: நாளைக்கு டெஸ்ட். மெய்யெண்கள்.

அண்ணாச்சி: க், ங், ச்... மொத்தம் 18. நான் இன்னும் மறக்கவில்லை பார்த்தாயா!

பொண்ணு: அது மெய்யெழுத்து. இது கணக்கு.

அண்ணாச்சி: அப்படியானால் உயிரெண் 12 எங்கே?

பொண்ணு: உயிரெண் எல்லாம் கிடையாது. எண்கோட்டில் எங்கே விரல் வைத்தாலும் அது மெய்யெண். பூஜ்யம், மைனஸ் 3, உங்கள் 48.50, 2-ன் வர்க்கமூலம், எல்லாமே.

அண்ணாச்சி: மைனஸ் கூடவா மெய்?

பொண்ணு: உங்கள் கடன் நோட்டில் இருப்பது என்ன?

அண்ணாச்சி: அது சத்தியமான மெய். நாலாவது மாடி வாத்தியார்தான் பொய் என்பார். சரி, இதுவும் 18-தானா?

பொண்ணு: எண்ணி முடியாது. 48.50-க்கும் 50-க்கும் நடுவில் 49.25. அதற்கும் 50-க்கும் நடுவில் இன்னொன்று, அதற்கும் நடுவில் இன்னொன்று.

அண்ணாச்சி: காலை டவுன் பஸ் என்று சொல். 'உள்ளே போ, உள்ளே போ!'

பொண்ணு: அதேதான். ஆனால் பின்னமாக எழுத முடிகிற எண்களை மட்டும் ஏற்றினால், பஸ் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் இடையிடையே ஓட்டை இருக்கும். அதில் நிற்பவைதான் விகிதமுறா எண்கள்.

அண்ணாச்சி: டிக்கெட் எடுக்காதவர்கள்.

பொண்ணு: ஆயுத பூஜைக்கு மூலைக்கு மூலை சீரியல் செட் கட்டினீர்களே...

அண்ணாச்சி: அதை ஏன் கேட்கிறாய்! கடை பத்துக்குப் பத்து. அளந்து 14 அடி வாங்கினேன், ஆணிக்குப் போய்ச் சேரவில்லை, ஒன்றே முக்கால் அங்குலம் குறைந்தது. சணல் போட்டு இழுத்துக் கட்டினேன்.

பொண்ணு: அந்த மூலைவிட்டம் 14.1421... என்று போகும். முடியவும் முடியாது, ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரவும் வராது.

அண்ணாச்சி: அப்புறம் எப்படித்தான் வெட்டிக் கொடுப்பது?

பொண்ணு: ஏறக்குறையத்தான்.

அண்ணாச்சி: பார்த்தாயா! நான் சொன்னால் மட்டும் தப்பு.

(தயிர்ப் பாக்கெட்டோடு பின்னால் நின்றிருந்த எனக்கு அவசரம்தான், ஆனாலும் நகரவில்லை, என் சட்டைப் பையிலும் நாலைந்து மிட்டாய் கிடந்தது.)

பொண்ணு: பைக்கு ஆரியபட்டர் என்ன சொன்னார் தெரியுமா?

அண்ணாச்சி: பைக்குத் தனிக் காசு பாப்பா.

பொண்ணு: வட்டத்தின் பை. விட்டம் 20,000 என்றால் சுற்றளவு 62,832 என்று 499-லேயே எழுதியவர், அதையும் ஏறக்குறைய என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். எங்கள் டியூஷன் சார் 22/7-க்கு நேராகச் சமக்குறி போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் பையைப் பின்னமாக எழுதவே முடியாது என்கிறார். அப்போது 22/7 என்ன என்று கேட்டால், 'எழுதினதைப் படி' என்கிறார்.

அண்ணாச்சி: நானும் ஏறக்குறைய என்று சொல்லிவிட்டுத்தானே எடுத்தேன்? ஆரியபட்டர் மாதிரி.

பொண்ணு: ஏறக்குறையவில் 'ஏற'வும் இருக்கிறது, 'குறைய'வும் இருக்கிறது. போன வாரம் பில் 50.50. 50 போதும் என்றீர்களா? 51 எடுத்தீர்கள். உங்கள் கடையில் 'ஏற' மட்டும்தான் ஸ்டாக்.

அண்ணாச்சி: அதற்குத்தான் மிட்டாய் தருகிறேனே!

பொண்ணு: கூட்டல் சமனி என்று ஒன்று படித்தோம். எதோடு கூட்டினாலும் மதிப்பு மாறாது. பூஜ்யம் என்று போட்டிருக்கிறது, உங்கள் மிட்டாயை விட்டுவிட்டார்கள்.

அண்ணாச்சி: உன்னோடு பேசினால் வியாபாரம் நடக்காது. மிட்டாயைத் திருப்பிக் கொடு. இந்தா 2 ரூபாய், எட்டணா நீ கொடு.

பொண்ணு: சில்லறை இல்லையே அண்ணாச்சி. இருங்கள்... பென்சில் டப்பாவில் போன வாரத்து மிட்டாய் இருக்கிறது. பிடியுங்கள்.

அண்ணாச்சி: இது 1 ரூபாய் மிட்டாய். அப்போது நான்தானே உனக்கு எட்டணா தரவேண்டும்?

பொண்ணு: அவசரமில்லை. அந்தக் கடன் நோட்டில், வாத்தியார் பெயருக்குக் கீழே, உங்கள் பெயரைப் போட்டு மைனஸ் அரை என்று எழுதிவையுங்கள்.